நாலு எலுமிச்சம்பழமும் நானும்

புதிதாக வாங்கிய பழைய காருக்கு இன்று காலை சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு கோயிலில் பூஜை. டயருக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். அவர்தான் எடுப்பார் என்று நிம்மதியாக நின்றிருந்தேன்.

மாமியார் பூசாரியிடம், "மருமவ பேர்ல வாங்குன வண்டிங்க, அவளே பழத்து மேல ஏத்தட்டும்" என்று சொல்லிவிட்டார்.

நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

கிளச்சை விட்டேன். வண்டி குலுங்கி ஆஃப் ஆனது. மறுபடி விட்டேன். மறுபடியும் ஆஃப். பின்னால் பூஜைக்கு நின்ற லாரி ஹாரன் அடித்தது.

"நீங்களே எடுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக் கதவைத் திறந்தேன்.

"எறங்கிராத அம்மிணி!" என்றார் மாமியார். "பழத்து மேல ஏத்தறவங்கதான் ஊடு வரைக்கும் ஓட்டோணும். நடுவுல கை மாத்துனா ஆகாது."

வீட்டுக்காரர் ஜன்னலில் குனிந்து, "கிளச்ச மெதுவா உடு சாமி" என்றார். வீட்டில் ஒருநாளும் என்னை இவ்வளவு பயபக்தியோடு கூப்பிட்டதில்லை.

மூன்றாவது முறை ஒரே பாய்ச்சல். நாலு பழமும் நசுங்கின. எல்லோரும் கும்பிட்டார்கள்.

வண்டி நின்ற இடம், கோயில் சுவருக்கு ஒரு சாண் முன்னால்.

இனி ரிவர்ஸ் எடுத்தால்தான் வீடு. அதை ஸ்கூலில் இன்னும் சொல்லித் தரவில்லை. லாரிக்காரர் தெருமுனை வரை பின்வாங்கிவிட்டார். மாமியார் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மறு கையால் போனில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ரிவர்ஸுக்கு மட்டும் கை மாற்றலாமா என்று உங்கள் மாமியாரிடம் கொஞ்சம் சீக்கிரம் கேட்டுச் சொல்லுங்கள்.