திரை தானாக நகர வேண்டும்

எனக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. கிளை நூலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அந்த நாளின் லட்சணம் தெரியும். ஊரே வேலைக்குப் போயிருக்கும், நாம் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருப்போம். விசேஷ வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார்கள், நான் போக முடியாது. வெள்ளிக்கிழமை நான் யாரைக் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். திருவொற்றியூரில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்த அந்த வருஷங்களில், வியாழக்கிழமை மாலை நூலகத்தைப் பூட்டும்போதே மறுநாள் பகலை எப்படித் தள்ளுவது என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவேன்.

என் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அவர் ராயபுரத்துக்காரர். எங்கள் வீட்டார் தெற்கேயிருந்து வந்து இங்கே மளிகைக்கடை போட்டவர்கள். நாங்களாகப் பார்த்துச் செய்துகொண்ட கல்யாணம் என்பதால் என் பக்கத்து ஆட்கள் யாரும் படியேறுவதில்லை. பிள்ளையும் இல்லை. புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் போனால், முப்பது வயதுக்கு மேல் ஒரு பெண் எதற்காக விமானம் சுடும் விளையாட்டுகளுக்குப் பட்டியல் போட்டாள் என்று கேட்பீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு லீவுக்கு வந்தபோது அவர் ஒரு அட்டைப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஏதோ துறைமுகத்தில் பழைய சாமான் சந்தையில் வாங்கினாராம். உள்ளே தட்டச்சு மெஷின் அளவில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதை டிவியில் மாட்ட ஒயர், ஒரு டேப் ரெக்கார்டர், இரண்டு ஜாய்ஸ்டிக், நாற்பது சொச்சம் கேசட்டுகள்.

“அல்லாரும் கம்பியூட்டர் கம்பியூட்டர்னு சொல்லிகினுகீறாங்க. நீ படிச்சவ. கத்துக்கோமே” என்றார்.

ஊரார் சொன்ன கம்ப்யூட்டர் வேறு. இது பதினைந்து வருஷத்துக்கு முந்தியது, வாங்கிய ஊரிலேயே யாரும் சீந்தாமல் கிடந்திருக்கும். கேசட் அத்தனையும் விளையாட்டு. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல மனசு வரவில்லை.

அவர் கப்பலேறிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வேறு வேலையில்லாமல்தான் அதை மாட்டினேன். கேசட்டை ஓடவிட்டால் ஐந்து நிமிஷம் கீச்சென்று அலறும். டிவியின் ஓரத்தில் கோடு கோடாக ஓடும். பிறகு விளையாட்டு வரும், வராமலும் போகும். கீழ்வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டால் வராது. துறைமுகப் பக்கமிருந்து பறந்து வரும் நிலக்கரித் தூள் டேப்பின் உள்ளே ஏறியிருந்தால் வராது, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். மணலி ஆலைகள் பக்கமிருந்து நாற்றக் காற்றடித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு வேர்த்து ஊற்ற உட்கார வேண்டும். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி மொட்டை மாடியிலிருந்து தெரியும், ஆனாலும் எங்களுக்குக் கரன்ட் போகும். போனால் மறுபடி முதலிலிருந்து அலறவிட வேண்டும்.

“இன்னாம்மா, மாடில பூனை எதுனா வளக்கிறியா? இந்தக் கத்து கத்துது” என்று கீழ்வீட்டு அம்மா கேட்டார். வீட்டுச் சொந்தக்காரி அவர்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளையாட்டு என்று சொன்னால் தெரு முழுக்கப் பரவிவிடும்.

கேசட்டுகளின் மேல் யாரோ கையால் எழுதியிருந்தார்கள். எந்த மொழி என்றே தெரியவில்லை. ஒரு கேசட்டில் நாலைந்து விளையாட்டுகள் இருந்தன, எது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பெயர் தெரியாத சாமான் குவியலாகக் கிடந்தால் எனக்குக் கை அரிக்கும், தொழில் அப்படி. அச்சு கோணிப்போனதால் நூலகத்தில் கழித்துப்போட்ட பட்டியல் அட்டைகள் ஒரு கட்டு இருந்தன. அவற்றின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.

எல்லா விளையாட்டையும் எழுதவில்லை. எனக்குப் பிடித்தது ஒரே வகைதான். ஒரு விமானம் இருக்கும். திரை தானாக நகர்ந்துகொண்டே இருக்கும். எதிரே வருவதைச் சுட்டுக்கொண்டே போக வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறதல்லவா? அட்டை போட உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஒன்றில் பூச்சிகள் வரிசையாக மேலிருந்து இறங்கின, ஆனால் திரை அசையவில்லை. அது சேராது. ஒன்றில் துப்பாக்கிக்காரன் நடந்தால் மட்டும் திரை நகர்ந்தது, நின்றால் நின்றது. அதற்கு இரண்டு வெள்ளிக்கிழமை யோசித்துவிட்டுத் தள்ளினேன். ஆளுக்காகத் திரை காத்திருந்தால் அது வேறு ஜாதி விளையாட்டு. இன்னொன்றில் விமானமே இல்லை, துப்பாக்கி வைத்த கார், சாலை தானாக ஓடியது. அதைச் சேர்த்துக்கொண்டேன். விமானம்தான் வேண்டும் என்று யார் சொன்னது? ஹெலிகாப்டரை இடமும் வலமும் இஷ்டத்துக்குத் திருப்ப முடிந்த ஒன்று என்னை ஒரு மாதம் படுத்தியது. கடைசியில் ஓர் அட்டையில் இலக்கணத்தை எழுதினேன்: திரை தானாக நகர வேண்டும், சுட வேண்டும், திரும்பிப் போக முடியாது. ஹெலிகாப்டர் வெளியே போயிற்று.

மிஞ்சியது பத்தொன்பது. மேல்நோக்கிப் போவது பதினொன்று, பக்கவாட்டில் போவது ஏழு, சாய்வாகப் போகும் கிறுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நானே பெயர் வைத்தேன். கேசட் எண், டேப் மீட்டரில் எந்த எண்ணில் தொடங்குகிறது, எத்தனை கட்டம், எத்தனை பேர் ஆடலாம், கடைசியில் குறிப்பு. கறுப்பு வெள்ளை டிவி என்பதால் நிறம் எழுதவில்லை. கண்ணால் பார்க்காததை அட்டையில் எழுதக் கூடாது. புத்தகத்தின் மேலட்டையை நம்பிப் பட்டியல் போடும் ஆட்களோடு நான் நூலகத்திலேயே சண்டை போட்டவள்.

அந்தப் பத்தொன்பதில் ஒன்றில் மட்டும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். சின்னஞ்சிறு விமானங்கள் இரண்டு பக்கவாட்டில் பறக்கும். அதற்கு ‘ரெட்டைக் குருவி’ என்று பெயர் வைத்தேன். முதலில் பாலைவனம், பிறகு கடல், பிறகு சுவர்கள் நெருக்கிக்கொண்டு வளைந்து போகும் ஒரு குகை. தனி விமானமாக நான் குகையைத் தாண்டியிருக்கிறேன். இரண்டாகப் போனால் அந்தச் சந்துக்குள் நுழைய முடியுமா? தெரியாது. இரண்டாவது ஜாய்ஸ்டிக் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பெட்டியிலேயே இருந்தது. பத்தொன்பது அட்டைகளில் பதினெட்டு முடிந்துவிட்டன. ஓர் அட்டையில் குறிப்பு எழுதும் இடம் மட்டும் காலி. அதை நிரப்ப எனக்கு இன்னொரு ஆள் வேண்டும், ஒரே ஒரு வெள்ளிக்கிழமைக்கு.

அடுத்த லீவுக்கு அவர் வந்ததும் முதல் நாளே கேட்டேன். “அதுக்கின்னா, ஆடிட்டாப் போச்சு” என்றார். எட்டு வெள்ளிக்கிழமைகள் இருந்தன. முதல் வாரம் அவருடைய அம்மா வீடு. பிறகு கப்பல் ஆட்களுக்குக் கட்டாயமான மருத்துவப் பரிசோதனை, தீயணைப்புப் பயிற்சி, சித்தப்பா மகளின் நிச்சயதார்த்தம். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில்தான் இருந்தார், ஆனால் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். இன்ஜின் சத்தம் இல்லாத இடத்தில் அவருக்கு அப்படித்தான் தூக்கம் வரும். எழுப்ப மனசில்லாமல் டேப்பின் மேலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏழாவது வாரம் யாரோ தோஸ்துக்கு வண்டி வாங்க வேண்டும் என்று கிளம்பியபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“உங்ககிட்ட நகை கேட்டனா, வீடு கேட்டனா? என்கூட ஒரு வெள்ளிக்கிழமை உட்காருங்கன்னுதானே கேட்டேன்?” என்று கத்திவிட்டேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் எட்டாவது வெள்ளிக்கிழமை, மறுநாள் காலை விமானத்தைப் பிடிக்க வேண்டிய ஆள், காலையிலேயே குளித்துவிட்டு டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “வாமே. இன்னா பண்ணணும் சொல்லு” என்றார். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் உறையை அவர்தான் பிரித்தார்.

அத்தனை பெரிய இன்ஜினைக் கழற்றி மாட்டும் கைக்கு அந்தச் சின்னப் பிடி அடங்கவில்லை. முதல் மூன்று ஆட்டம் பாலைவனத்தையே தாண்டவில்லை.

“இது நிக்காதா?”

“நிக்காதுங்க.”

“அப்ப கொஞ்சம் திரும்பிப் போய்க்கிறேன்.”

“அதுவும் முடியாது. அப்படி முடிஞ்சா இந்த வகையிலயே சேராது.”

“இன்னாமே, ஒரே பேஜாரா கீது” என்றவர் கொஞ்சம் யோசித்தார். “சரி, நீ முன்னால போ. நான் உன் பின்னாலயே வந்துகினுகீறேன்.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் முன்னால் போய் எதிரே வருவதைச் சுட்டுத் தள்ளினேன், அந்தக் கோட்டிலேயே அவர் ஒட்டிக்கொண்டு வந்தார். அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. பாலைவனம் போனது, கடல் போனது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அதற்கு முன் எப்போது என்று நினைவில்லை. குகைக்குள் நுழைந்தோம். “மேல, மேல, இப்ப கீழ” என்று நான் சொல்லச் சொல்ல, நாக்கைக் கடித்துக்கொண்டு அவர் திருப்பினார். பாதிக் குகையில் கரன்ட் போனது.

இரண்டு பேரும் இருட்டான டிவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். வந்துவிடும் என்றார். சாயங்காலம்தான் வந்தது. அதற்குள் அவரை வழியனுப்ப ராயபுரத்திலிருந்து வீடு நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் தனியாக இரண்டு பேர் ஆட்டத்தைப் போட்டேன். ஆளில்லாத அவருடைய விமானம் திரையில் தொடங்கிய இடத்திலேயே மிதந்தபடி கூடவே வந்தது. அதற்கு முன்னால் போய் நின்று, அதை நோக்கி வந்த எல்லாவற்றையும் சுட்டேன். பாலைவனம் முழுக்க, கடல் முழுக்க அதைக் காப்பாற்றிக்கொண்டு போனேன். குகையின் முதல் வளைவில் நான் மேலே ஏறினேன், அது ஏறாமல் சுவரில் மோதியது. ஐந்தாறு வெள்ளிக்கிழமைகள் இதையே செய்தேன். ஒவ்வொரு முறையும் அதே வளைவு. அழுகை வந்தது, அழுதேன். பார்க்க யாருமில்லாத வீட்டில் அழ வெட்கப்பட என்ன இருக்கிறது?

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பகலில் கீழ்வீட்டு அம்மா குரல் கொடுத்தார். போன் அவர் வீட்டில்தான் இருந்தது. “உன் வூட்டுக்காரரு. ஓடியா.”

துறைமுகத்திலிருந்து பேசும்போது அவர் எப்போதும் ஒரே வரிசையில்தான் கேட்பார். உடம்பு எப்படி, அம்மாவைப் பார்த்தாயா, தண்ணி வருகிறதா. அன்று எடுத்த எடுப்பில், “ஏமே, என் ப்ளேனு இன்னா ஆச்சு? அந்தக் குகையத் தாண்டிச்சா?” என்றார். பின்னால் கிரேன் சத்தம் கேட்டது. இத்தனை நாளும் அங்கே, இன்ஜினுக்குப் பக்கத்தில், இவர் இதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“தாண்டிடுச்சுங்க” என்றேன். “என் பின்னாலயே வந்துடுச்சு.”

“பாத்தியா, நான் சொன்னேன்ல” என்று அவர் சிரித்தார். பிறகு லைன் கட்டாகிவிட்டது.

மாடிக்கு வந்து அட்டையை எடுத்தேன். காலியாக இருந்த இடத்தில் ‘இருவரும் குகையைத் தாண்டலாம்’ என்று பேனாவால் எழுதினேன். பத்தொன்பது அட்டைகளில் நான் கண்ணால் பார்க்காமல் எழுதியது அந்த ஒரு வரிதான்.