மூளைக்காரரின் முழங்கால்

பள்ளிகளில் அவரை மூளைக்காரர் என்றுதான் சொல்வார்கள். சுகாதாரத் துறையில் அவருடைய பதவிக்கு ஒன்றரை வரி நீளத்தில் ஒரு பெயர் இருந்தது. அதை அவர் மனைவி உட்பட யாரும் முழுதாகச் சொன்னதில்லை. பதினெட்டு வருடமாக அவர் செய்த வேலை ஒன்றே ஒன்று. எட்டுத் துண்டாகக் கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் மூளையைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போவார். கஞ்சா மூளையை என்ன செய்கிறது என்று சரியாக ஐம்பது நிமிடம் பேசுவார். பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிடுவார்.

சிகரெட்டைக் கையால் தொட்டறியாத மனிதர். டீயில்கூட இரண்டாவது கோப்பை கேட்பதற்கு யோசிப்பார். அதனாலோ என்னவோ, அவர் பேச்சில் தகவல் இருக்கும், உப்பு இருக்காது. பின்வரிசைகள் நிம்மதியாகத் தூங்கும்.

“மூளையில இயற்கையே சில பூட்டு வெச்சிருக்கு. அதுக்கான சாவியையும் உடம்பே செஞ்சுக்குது. கஞ்சா ஒரு கள்ளச்சாவி. ஞாபகத்தைத் திறக்கும், பசியைத் திறக்கும், நேரக் கணக்கைத் திறக்கும், கை கால் நிதானத்தைத் திறக்கும். திறந்துட்டு சும்மா போகாது, கலைச்சுப் போட்டுட்டுத்தான் போகும்.” கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்வார்: “இதுல பெரிய ஆபத்து, நாம மாறிட்டோம்னு நமக்கே தெரியாது.”

இந்தப் பேச்சை முழுக்க விழித்திருந்து கேட்ட ஒரே ஆள் அலுவலக வேன் டிரைவர்தான். வேனுக்குள் வெக்கை தாங்காமல் அவர் ஒன்பது வருடமாக அரங்கின் கடைசி வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே வந்து உட்காருவார். பேச்சு அவருக்கு மனப்பாடம்.

மூளைக்காரருக்கு வலது முழங்கால் வலி. அறுவை சிகிச்சைதான் வழி என்று மருத்துவர் சொன்னதும், அந்த மருத்துவமனை இருக்கும் தெருவில் போவதையே நிறுத்திவிட்டார். அப்போதுதான் மச்சான் வந்து சேர்ந்தார். மனைவியின் அண்ணன். நில அளவை அலுவலகத்தில் ஓய்வுபெற்றபின் செடிகொடிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து, படித்ததை உறவினர்கள் மீது பரிசோதித்துக்கொண்டிருந்தார். ஒரு தகர டப்பாவை நீட்டினார். உள்ளே பட்டாணி அளவில் கரும்பச்சை உருண்டைகள்.

“காலையில சாப்பிட்டதும் ஒண்ணு. நாள் முழுக்க முழங்கால் இருக்கிறதே தெரியாது மாப்பிள்ளை.”

“இது என்ன?”

“இலை மருந்து.”

மூளைக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஊர் முழுக்க நூறு கேள்வி கேட்பவர், சொந்த வீட்டில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாளே வலி பாதியாகிவிட்டது. நன்றாகத் தூங்கினார். தட்டில் வைத்ததெல்லாம் காலியானது. “இத்தனை வருஷமா என் சமையல்ல குறை சொன்ன வாயா இது?” என்றாள் மனைவி. அவளுக்கும் மருந்தின் மீது மரியாதை வந்துவிட்டது.

அந்த வாரம் ஒரு பெண்கள் பள்ளியில் பேசினார். பேசப் பேச வார்த்தைகள் தாமாகவே வந்து விழுவது போலிருந்தது. நாக்கு வறண்டது. வெகுநேரம் இழுத்துவிட்டோமோ என்ற கூச்சத்தில் அவசரமாக முடித்து, மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

கைத்தட்டல் ஓயவே இல்லை. தலைமை ஆசிரியை வாசல் வரை வந்து வழியனுப்பினார். பதினெட்டு வருடத்தில் அப்படி நடப்பது அதுதான் முதல் தடவை. இரண்டே வாரத்தில் மற்ற பள்ளிகளும் அவரைக் கேட்டு வாங்க ஆரம்பித்தன. சிறுமூளையைக் கையில் எடுத்ததும் ஏனோ சிரிப்பு வந்தது. அவர் சிரிக்க, அரங்கமே சிரித்தது. ஒருநாள் ஞாபகசக்திக்கான பச்சைத் துண்டைக் காணவில்லை. மேசைக்கடியில், பெட்டிக்குள், எல்லா இடத்திலும் தேடினார். “ஞாபகத்தை எங்க வெச்சேன்னு ஞாபகமில்லையே” என்று அவர் முணுமுணுத்தது மைக்கில் விழுந்தது. பிள்ளைகள் அதை நகைச்சுவை என்றே நினைத்தார்கள். துண்டு அவர் சட்டைப் பையில் இருந்தது.

தனக்குப் பேச்சுக்கலை இப்போதுதான் கைவந்திருக்கிறது என்று முடிவு செய்துகொண்டார்.

ஆறாவது வாரம், வேன் பள்ளி வளாகத்தை விட்டு வெளியே வந்ததும் டிரைவர் ஓரமாக நிறுத்தினார்.

“சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளுப்பா.”

“நேரம் தெரியலை. சிரிப்பு வருது. வாய் காயுது. காலையில ரெண்டு டிபன் பாக்ஸ் காலி பண்ணீங்க. படியில தடுமாறினீங்க. இதெல்லாம் ஒண்ணா வந்தா என்னன்னு நீங்கதான சார் சொல்லுவீங்க?”

“எனக்கா? என்னப்பா பேசற? நான் எப்பவும் போலத்தான் இருக்கேன்.”

“அதையும்தான் சார் சொல்லுவீங்க. கண்ணாடியைக் கழட்டிட்டு.”

மூளைக்காரருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு, நெடுநேரம் மாதிரி தோன்றிய ஒரு நிமிடம் கழித்து, அது அடங்கியது. தகர டப்பா நினைவுக்கு வந்தது. வேனை நேராக மச்சான் வீட்டுக்கு விடச் சொன்னார்.

மச்சான் எதையும் மறைக்கவில்லை. “இலைன்னு சொன்னேன்ல? எந்த இலைன்னு சொல்லியிருந்தா ஐம்பது நிமிஷம் பிரசங்கம் பண்ணியிருப்பீங்க. மூட்டு வலியோட அதைக் கேக்க முடியுமா?”

“மூட்டு வலி எனக்குத்தானே மச்சான்?”

“எனக்கும் இருக்கே.”

டப்பாவில் மீதமிருந்த உருண்டையை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். கஞ்சாதான், சந்தேகத்துக்கு இடமே இல்லை என்றது அறிக்கை. “கிழிச்சுப் போடுங்க சார், யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் டிரைவர். மூளைக்காரர் கிழிக்கவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, அறிக்கையையும் இணைத்து, இயக்குநரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

இயக்குநர் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். “நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா எங்களுக்கு ஒரு வேலையும் இருந்திருக்காது.”

“தெரியும் சார். அதனாலதான் திறந்தேன்.”

அதே வாரத்தில் பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியையின் பாராட்டுக் கடிதமும் வந்தது. இவ்வளவு உயிரோட்டமான உரையைத் தன் பணிக்காலத்தில் கேட்டதில்லை என்று எழுதியிருந்தார். எழுத்தர் அதை, இயக்குநர் அவருக்குப் பிறப்பித்த எச்சரிக்கை ஆணைக்கு அடுத்த தாளாகக் கோப்பில் கோத்து வைத்தார்.

உருண்டையை நிறுத்திய பிறகு இரண்டு வாரம் வீடு வீடாக இல்லை. தூக்கம் போனது. பசி போனது. கதவு சாத்தும் சத்தத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார். முழங்கால் வட்டியும் முதலுமாக வலித்தது. இதுவும் அவர் பேச்சில் முப்பத்தெட்டாவது நிமிடத்தில் வரும் விஷயம்தான். ‘எரிச்சல், தூக்கமின்மை’ என்று இரண்டே சொல்லில் தாண்டிவிடுவார். அந்த இரண்டு சொல்லுக்குள் இத்தனை நாள் இருக்கும் என்று அவர் கண்டாரா என்ன?

கஞ்சாவைப் பற்றிப் பேச இப்போதுதான் தனக்குத் தகுதி வந்திருக்கிறது என்று அவருக்குப் பட்டது. துறையின் விதிப்படி அந்தத் தகுதி இப்போதுதான் போயிருந்தது. அவரைப் பல் சுகாதாரப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிளாஸ்டிக் மூளை வேறொருவர் கைக்குப் போனது. பழைய பேச்சைத் திருத்தி எழுதித் தரச் சொன்னார்கள். அவர் ஒரே ஒரு வரி சேர்த்தார்: ‘நன்றாகத்தான் இருக்கும், அதில்தான் சிக்கலே.’ முதல் பாதி ஆட்சேபத்துக்குரியது என்று நீக்கிவிட்டார்கள். பாதியை நீக்கிய பிறகு மீதிக்கு அர்த்தமில்லாமல் போனதால் அதையும் நீக்கினார்கள்.

வருடக் கடைசியில், வேறு வழியின்றி, முழங்காலை அறுவைக்கு ஒப்புக்கொடுத்தார். மயக்க மருந்து கொடுக்க வந்த மருத்துவர் இளம்பெண். படிவத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

“புகை, மது?”

“இல்லம்மா.”

“கஞ்சா?”

“ஆறு வாரம். தினமும் காலையில.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நரை முடி, கண்ணாடி, மடித்து வைத்த கைகள். “எப்படி இருந்துச்சு சார்?”

அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டார். நேரம் போனதே தெரியவில்லை என்பதில் தொடங்கி, தெரியாமல் போனதுதான் பயம் என்பது வரை சொன்னார். கைத்தட்டலைச் சொன்னார், பச்சைத் துண்டைச் சொன்னார். அவள் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. அறுவை அறையிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எல்லாம் கேட்டு முடித்ததும், அவள் படிவத்தில் ‘ஆம்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள்.