தொண்ணூறு விநாடி

என் அக்கா பதினோரு வருடமாக ஒரு பர்கர் கடையில் வேலை பார்க்கிறாள். உலகமெங்கும் கிளை வைத்திருக்கும் நிறுவனம். மேசை துடைக்கச் சேர்ந்தவள், இப்போது ஷிப்ட் மேனேஜர். வீட்டிலும் அவளுக்கு விநாடிக் கணக்குதான். "டீ கேட்டு நாலு நிமிஷம் ஆச்சு, கஸ்டமர் எதிர்க்கடைக்குப் போயிடுவாரு" என்று அத்தான் சீண்டுவார்.

எதிர்க்கடை நிஜமாகவே வந்திருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் போட்டி நிறுவனம் கிளை திறந்து விலையைக் குறைத்தது. இவர்கள் வேகத்தைக் கையில் எடுத்தார்கள். ஆர்டர் சமையலறைத் திரையில் தோன்றியதிலிருந்து தொண்ணூறு விநாடிக்குள் பொட்டலம் வாடிக்கையாளர் கைக்குப் போக வேண்டும். தாண்டினால் எண் சிவக்கும். ஏரியா மேனேஜர் அந்தச் சிவப்பைத் தன் அலுவலகத்திலிருந்தே பார்ப்பார்.

மூன்று வருடம் ஊர் சுற்றிவிட்டு நான் திரும்பிய வாரம் அது.

"இப்படியே சிவப்பா வந்துட்டிருந்தா என்னை மறுபடி மேசை துடைக்க விட்டுடுவாங்கடி" என்றாள் அக்கா.

வழிச்செலவுக்காக இதே மாதிரி ஒரு கடையில் ஆறு மாதம் நின்றவள் நான். பெரிய கெட்டிக்காரி போலச் சொன்னேன்: "பொட்டலம் குடுத்த பிறகு ஏன் 'ஆர்டர் முடிஞ்சது'ங்குற பட்டனை அமுக்குற? முன்னாடியே அமுக்கு. ஆர்டர் திரையிலேருந்து போயிடும், கடிகாரமும் நின்னுடும். அங்க எல்லாரும் அதான் செய்வாங்க."

அக்கா செய்தாள். இரண்டே மாதத்தில் அவள் கடை வட்டாரத்தில் முதலிடம். சான்றிதழைச் சுவரில் மாட்டிய கையோடு ஒரு கடிதமும் வந்தது. இவ்வளவு வேகமான கடைக்கு மதிய ஷிப்டில் ஐந்து பேர் எதற்கு, நான்கு போதும்.

வேலை போனவர், உருளைக்கிழங்கு பொரிக்கும் ஃப்ரையர் அண்ணன். அக்காவின் மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த அன்று, கால் மணி நேரம் குழாயடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்.

அக்கா ஏரியா மேனேஜருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னாள். "எல்லாக் கிளையிலயும் அமுக்குறதுதாம்மா. அதை ஏன் என் காதுல போடுற?" என்று வைத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அண்ணனுக்கு எதிர்க்கடையில் பாதி நேர வேலை கிடைத்தது. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். இடைவேளையில் பின்வாசலில் நின்றிருந்தார்.

"அண்ணே, உங்க வேலை போனது என்னாலதான். அந்தப் பட்டனை..."

"தெரியும்மா. கூடை எண்ணெய்ல கிடக்கும்போதே ஆர்டர் அழிஞ்சுடுமே. அழிஞ்சதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டுத்தானே ரெண்டு மாசம் பொரிச்சேன். வெளிய சொன்னா உனக்குக் கெட்ட பேரு."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஊரெல்லாம் சுத்திட்டு வந்த தங்கச்சியா? அங்கெல்லாம் கடை எப்படிம்மா?"

"இதே மாதிரிதாண்ணே" என்றேன்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று அக்கா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.