அருவிப் பசிக்கு வைத்த குழம்பு

மூப்பர் அவர்களே, நீங்கள் சபையில் சொன்னது பொய். என் கடை பிழைத்ததில் உங்களுக்கு ஒரு பங்கும் கிடையாது.

போன மாதம் ஆராதனையில் எழுந்து நின்று, "இந்தக் குடும்பத்தைக் குற்றாலத்திலிருந்து தென்காசிக்குக் கொண்டுபோய் ஆசீர்வதிக்க ஆண்டவர் என்னைக் கருவியாக எடுத்துக்கொண்டார்" என்றீர்கள். சபையும் அல்லேலூயா சொன்னது. நான் பெண்கள் வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சபையாரே, நடந்ததை இப்போது நான் சொல்கிறேன்.

என் பெயர் ஜெயராணி. என் வீட்டுக்காரர் தங்கதுரை பரோட்டா போடுவார். நான் குழம்பு வைப்பேன். எங்களுக்கு வேறு தொழில் தெரியாது. கல்யாணம் ஆனதிலிருந்து, அருவிக்குப் போகிற ரோட்டில் மூப்பரின் கட்டடத்தில்தான் எங்கள் சாப்பாட்டுக் கடை இருந்தது. சாரல் அடிக்கும் மாதங்களில் உழைத்து மீதி வருடம் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். குற்றாலத்தில் கடை வைத்த எல்லோர் பிழைப்பும் அதுதான். மூப்பருக்கும் இது தெரியும். தெரிந்துதான் போன வருடம் வைகாசி கடைசியில், மலையில் மேகம் இறங்கிய வாரத்தில், வந்து நின்றார்.

"தங்கதுரை, கடைய ஒழிச்சுக் குடுத்துருப்பா. மருமவன் ஓட்டல் போடணும்ங்கான்."

"சாரல் முடியட்டும் அண்ணாச்சி. மறுநாளே ஒழிச்சுத் தாறோம்."

"சாரலுக்குத்தாம்ல அவன் கேக்கான்."

மூப்பர் வாயிலிருந்து இந்த விஷயத்தில் வந்த ஒரே உண்மை அதுதான். எழுத்தில் எதுவும் இல்லை. சபைக்காரர் என்று நம்பி வாய்ப்பேச்சில் இருந்தோம். ஒழித்துக் கொடுத்தோம்.

நாங்கள் சாமான் ஏற்றிய அன்றுதான் அருவியில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. ஊர் உலகத்து வண்டியெல்லாம் மேலே ஏறுகிறது, எங்கள் லோடு ஆட்டோ மட்டும் பரோட்டாக் கல்லையும் அண்டாக்களையும் சுமந்து கீழே இறங்குகிறது. எதிரே வந்த வேனிலிருந்து ஒருவன் ஈரம் படத் தலையை நீட்டி, "அண்ணே, தண்ணி விழுதா?" என்று கேட்டான்.

"விழுது தம்பி, நல்லா விழுது. போங்க போங்க" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அழுததை நான் பார்க்கவில்லை என்று அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தென்காசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் இடம் கிடைத்தது. போதகர் வந்து ஜெபித்தார். முதல் நாள் நல்ல கூட்டம். மறுநாளும் வந்தார்கள். மூன்றாம் நாள் முதல் குறைந்தது. அதே ஆட்கள் கடை முன்னாலேயே நடந்து போனார்கள். பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள். வடித்த சோறு அண்டாவில் ஆறிக் கிடந்தது. ஒருவர்கூட ஏன் என்று சொல்லவில்லை.

நான் இடத்தைத் திட்டினேன். போர்டைக் கழற்றிப் பெரிதாக எழுதி மாட்டினேன். அரிசியை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. இதற்கிடையில் மூப்பர் ஒரு வீட்டு ஜெபத்தில், "முணுமுணுக்கிற வீட்டில் ஆசீர்வாதம் தங்காது" என்றாராம். யாரைச் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு எப்படி நீங்கள் கருவி ஆனீர்கள்?

ஆடியில் என் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கும் தன் மாமா மகனிடம் பேசினார். அங்கே கூலியாட்கள் தங்கும் இடத்தில் சமையல் வேலை இருக்கிறதாம். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தாயிற்று. அவர் போனால் கடை இல்லை. கடை போவதைக்கூடத் தாங்கியிருப்பேன். அடுப்புக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாகத்தான் எங்கள் வாழ்க்கையே நடந்திருக்கிறது. அவர் இல்லாத அடுப்பு முன்னால் நிற்க எனக்குத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை, பதில் வரும்வரை என்று உபவாசம் தொடங்கினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கடையில் ஈ மட்டும் இருந்தது. அடுப்படியிலேயே முழங்கால் போட்டேன். எனக்கு அழகாக ஜெபிக்க வராது. "ஆண்டவரே, சுற்றி வளைக்காதீர். எனக்குச் சொப்பனம் வேண்டாம், தரிசனம் வேண்டாம். வந்தவன் ஏன் திரும்பி வரவில்லை? முகத்துக்கு நேரே சொல்லும்" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். ஆமென் கூடச் சத்தமாகத்தான் வந்தது.

மறுநாள் மத்தியானம் எதிர் ஜவுளிக்கடை பாய் உள்ளே வந்தார். வடகரைக்காரர். துபாயில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். முதல் இரண்டு நாள் எங்களிடம் சாப்பிட்டார், பிறகு காணவில்லை. அன்றும் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"ஏம்மா, நீங்க குத்தாலத்துல கட வச்சிருந்தியளோ?"

"ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

"குளிச்சிட்டு வெடவெடன்னு நடுங்கிட்டு வாறவனுக்கு வைக்கிற கொழம்ப, ஃபேனுக்குக் கீழ உக்காந்து துணி கிழிக்கிறவனுக்கு ஊத்துதியளே, இது நியாயமா? ரெண்டு நாளு தின்னேன். மூணாம் நாளு தொழுகையில குனிய முடியல. வயிறு அப்படிக் காந்துது."

"பிடிக்கலன்னா வேற கடையில போய்த் திங்க வேண்டியதுதான பாய்!"

"தெருவே அதத்தானம்மா செய்யுது. நான் ஒருத்தன்தான் வாய் தொறந்து சொல்லுதேன்."

அவர் போய்விட்டார். நான் கரண்டியைத் தூக்கி எறிந்தேன். கல்லுக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் சிரிக்கிற சத்தம் கேட்டது. பல வாரம் கழித்து அன்றுதான் சிரித்தார்.

"ஏட்டி, நேத்து என்ன ஜெபிச்ச? மூஞ்சிக்கு நேரா சொல்லும்னுதான? வந்து சொல்லியாச்சு. இப்ப அவரு கூடச் சண்டைக்கு நிக்கே!"

உபவாசத்தை நான் இன்னும் முடித்திருக்கவில்லை. ஒரு தட்டில் சோறு போட்டு என் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். நான்கு வாய் போவதற்குள் நெஞ்சு முதல் அடிவயிறு வரை எரிந்தது. அருவியில் நின்றுவிட்டு ஈரத் தலையோடு வருகிறவனுக்குக் கல்லைத் தின்றாலும் கரையும். நாக்கு மரத்துப் போயிருக்கும். நல்லமிளகையும் எண்ணெயையும் அள்ளிக் கொட்டினால்தான் "ஆங், உறைப்பு" என்பான். அந்தப் பசிக்குச் சமைத்தே என் கை பழகிவிட்டது. அவனுக்கு மறுநாள் என்ன ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் அவன் ஊருக்குப் போயிருப்பான். தென்காசிக்காரன் தினமும் சாப்பிடுகிறவன். வெயிலில் வருகிறான், சாப்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்து வேலை பார்க்கிறான். இடத்தை மாற்றிய நான் கையை மாற்றவில்லை.

மறுபடியும் முழங்கால் போட்டேன். இந்த முறை அழுதேன்.

திங்கட்கிழமை கொத்தமல்லியும் தேங்காயும் கூட்டி, மிளகைக் குறைத்து, எண்ணெயை அடக்கிக் குழம்பு வைத்தேன். சுண்டைக்காய் வற்றல் போட்டு ஒரு ரசம். தூக்குவாளியில் ஊற்றி நானே எதிர்க் கடைக்குக் கொண்டுபோனேன்.

"பாய், திட்டினதுக்கு மன்னிக்கணும். ருசி பாருங்க. துட்டு வேண்டாம்."

"துட்டு வேண்டாம்னு சொன்னாலே பயமா இருக்கும்மா" என்றார். சாப்பிட்டார். மத்தியானம் தன் கடைப் பையன்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து பெஞ்சை நிறைத்துவிட்டார். தெரு அதைப் பார்த்தது.

ஆவணியில் ஆட்கள் இடம் இல்லாமல் வாசலில் நின்றார்கள். சவூதியிலிருந்து விசா வந்துவிட்டது என்று போன் வந்தபோது என் வீட்டுக்காரர் கையெல்லாம் மாவு. நான்தான் போனை அவர் காதில் பிடித்தேன்.

"மாப்ளே, நான் வரல. இங்கன ஆளு நிக்கி. நீ வேணும்னா லீவுல வா, பரோட்டா தாறேன்."

கடை முழுவதும் கேட்கிற மாதிரிச் சொன்னார். எனக்குச் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கிறிஸ்மசுக்கு முன்னால் பக்கத்து அறையையும் எடுத்துச் சுவரை உடைத்துவிட்டோம். பாய் இன்றைக்கும் வருகிறார். இப்போது உப்பு குறைவு என்கிறார்.

ஆண்டவர் பதிலை ஒரு பாய் வாயில் கொடுத்தனுப்பினார் என்று சொன்னால் சபையில் சிலருக்கு முகம் சுருங்குகிறது. என்னிடம் சுருங்கிப் பயன் இல்லை. அனுப்பினவரிடம் கேளுங்கள்.

ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம். என் கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் யாராவது இலையில் குழம்பை ஒதுக்கினால் இப்போது பக்கத்தில் போய் என்ன குறை என்று கேட்கிறேன். கேட்டதைத் திருத்துகிறேன். உங்கள் வீட்டிலும் எது ஏன் நடக்கிறது என்று தெரியாமல் ஏதோ ஒன்று கெட்டுக்கொண்டிருக்கும். அலங்காரம் இல்லாமல் அவரிடம் நேராகக் கேளுங்கள். பதில் வரும். இனிப்பாக வரும் என்று நான் சொல்ல மாட்டேன். வரும்போது கரண்டியை எறியாதீர்கள்.

மூப்பர் அவர்களே, இதைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. உங்கள் கட்டடத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிற பழக்கடை அக்கா, புருஷன் இல்லாதவர், நேற்று என் கடைக்கு வந்து அழுதார். வருகிற சாரலுக்கு முன்னால் அவரையும் கடையை ஒழித்துத் தரச் சொல்லியிருக்கிறீர்கள். "ஜெயராணியப் பாரு, வெளிய போனாத்தான ஆசீர்வாதம் வந்துச்சு" என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைக் காட்டி ஒரு விதவையைத் தெருவில் இறக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

என் காதில் வந்து சமாதானம் பேச வேண்டாம். போதகர் அறையிலும் வேண்டாம். வருகிற ஞாயிறு, காணிக்கை எடுப்பதற்கு முன்னால், எழுந்து நில்லுங்கள். அந்த அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவரைக் கடையில் இருக்க விடுவீர்களா, வெளியேற்றுவீர்களா? சபை முழுவதும் கேட்கும்படி சொல்லுங்கள்.