ஆராய்ச்சியை விட்ட மழைக்காலம்

எழுபதுகளின் கடைசியில் நான் காயலில் கிடைக்கும் கக்கா என்ற சிப்பியைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மட்டாஞ்சேரியில் வீடு. பாலக்காட்டிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. காலையில் படகு பிடித்து எறணாகுளம் போவேன். சாயங்காலம் திரும்பியதும் அம்மா என்னைக் கொல்லைக் குழாயடிக்கு அனுப்பிவிடுவாள். குளித்த பிறகுதான் அடுக்களையில் கால் வைக்கலாம். கக்காவைக் கத்தியால் பிளந்து சதையை எடை போடும் ஒரு பெண் தன் வயிற்றில் பிறந்திருக்கிறாள் என்பதை அவளால் ஏற்கவே முடியவில்லை.

மழைக்காலத்தில் காயலில் உப்பு குறையும், கோடையில் கூடும். அது கக்காவை என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி. எப்போதோ முடிந்திருக்க வேண்டியது. ஆனால் ஒவ்வொரு தடவை அத்தியாயத்தை எழுதிக்கொண்டு போகும்போதும் என் வழிகாட்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "இன்னும் ஒரு மழைக்காலம் பார்த்துடலாமே" என்பார். சாது மனிதர். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். என்னோடு சேர்ந்தவர்களில் ஒருவர் வங்கி வேலைக்குப் போனார், இன்னொருத்தி கல்யாணமாகி பம்பாய்க்குப் போனாள். மதியம் ஆய்வுக்கூடத்தில் தனியாகச் சோற்று டப்பாவைத் திறக்கும்போது, இதெல்லாம் யாருக்காக என்று தோன்றும்.

விட்டுவிடலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். விடாததற்குக் காரணம் வேறு. அத்தை என் ஜாதகத்தைக் கேட்கும்போதெல்லாம் அப்பா, "படிப்பு முடியட்டும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். படிப்பை நிறுத்தினால் மறுநாளே மணையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

நான்காவது மழைக்காலம். வள்ளத்தில் போய்க் கக்கா எடுத்துக்கொண்டு திரும்பும்போது, பக்கத்தில் ஒரு பெரிய படகு விரைந்து போனது. அதன் அலையில் வள்ளம் சாய்ந்து, கக்காவையும் காயல் தண்ணீரையும் அடைத்த புட்டிகள் இருந்த பெட்டி தண்ணீரில் விழுந்தது.

"ஐயோ, எல்லாம் போயல்லோ மோளே!" என்று வள்ளக்காரர் தலையில் கைவைத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காய்ச்சல் விட்ட உடம்பு மாதிரி லேசாக இருந்தது. காலை முழுக்கச் செய்த வேலை போய்விட்டதே என்று ஒரு துளி வருத்தம்கூட இல்லை. கரையில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா மிளகுக் கிடங்கில் வேலை முடிந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்கு மதியாச்சு, போதும். இனிமே போகப்போறதில்லை."

"ஆராய்ச்சிக்கா?"

"ஆமாம்."

ஒரு வாய் காப்பி குடித்தார். "அப்பறம் என்ன பண்ணப்போறே?"

"டீச்சர் வேலை தேடலாம்னு இருக்கேன். கல்யாணம் இப்போ வேண்டாம்ப்பா."

"அதை யார் இப்போ கேட்டா? உன் அத்தை வாயை அடைக்கத்தான் படிப்பு படிப்புன்னு சொல்லிண்டிருந்தேன். இனிமே வேலை வேலைன்னு சொல்றேன். சாரமில்லை, ஒண்ணும் ஆயிடலை. போய்த் தலையைத் துவட்டு."

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்போ அந்த நாத்தம் பிடிச்ச கக்கா இனிமே இல்லையாடி? பகவானே!"

அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்த நான், ஏனென்று தெரியாமல் அழுதேன். அம்மா எனக்கும் காப்பி கலந்தாள்.

மறுவாரம் வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "நான்தான் உன்னைப் பிடிச்சு வெச்சிருந்தேனோ?" என்று கேட்டார்.

"ஆமாம் சார்."

அவரிடம் நான் ஒளிக்காமல் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தலையை ஆட்டினார். பள்ளிக்கூட வேலைக்கு வேண்டியிருக்கும் என்று அப்போதே நல்ல சான்று ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திருப்பூணித்துறையில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. வேலையில் சேர்ந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, கக்கா எடுக்கக்கூட எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. வெயில் மூஞ்சியில் அடிக்கிறவரை தூங்கினேன்.