நடுவைச் சேராத வாயு

அந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

விண்மீன் மண்டலங்களை ஆராயும் என் மகள் மார்கழியில் விடுப்பெடுத்துப் புதுச்சேரிக்கு வந்திருந்தாள். கடற்கரை அருகே ஒரு மன்றத்தில், ஞாயிறு மாலை, முதன்முறையாகத் தமிழில் உரையாற்ற ஒப்புக்கொண்டிருந்தாள். "நான் என்ன வேல பண்றேன்னு அம்மாவுக்கு இன்னும் தெரியாதுப்பா. இந்தத் தடவையாவது புரியணும். நீங்கதான் நல்ல தமிழ்ல எழுதித் தரணும்" என்று தன் குறிப்புகளை என்னிடம் கொடுத்தாள்.

எழுதினேன். மண்டலத்தின் நடுவே ஒரு பெருங்கருந்துளை. அதைச் சூழ்ந்து வளையமாய்ச் சுழலும் வாயு. அவ்வளவில் நின்றிருக்கலாம். பாசுரங்களில் ஊறிய கை அவள் குறிப்பைத் தாண்டி ஓடிவிட்டது: 'திருவடி நாடும் உயிர்களைப் போல, புறப்பட்ட வாயு யாவும் ஒருநாள் நடுவைச் சென்று சேரும்.' அவள் அதை இருமுறை படித்தாள். பிறகு, "அழகா இருக்குப்பா" என்றாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், கீரை ஆய்ந்தபடியே என் மனைவி சொன்னாள்: "ரெண்டு நாளா அந்தத் தாளையே வச்சிகினு உக்காந்துருக்கா. நீங்க எழுதினது தப்பாம். சொன்னா அப்பா மனசு கஷ்டப்படும், அப்படியே படிச்சிடறேங்கறா."

என் பொருட்டு என் மகள் ஊரார் முன் உண்மையல்லாததைச் சொல்லப் போகிறாள். மாடியேறிச் சென்று அவளிடமே கேட்டேன்.

"எல்லாம் போய்ச் சேராதுப்பா" என்றாள் தயங்கி. "நடுவுக்குக் கிட்ட வந்ததும் வாயு நெருங்கி, அங்கயே நட்சத்திரமா ஆயிடும். பெரும்பாலும் அப்படியே செலவாயிடுது. அந்த இளம் நட்சத்திரங்க வீசுற காத்துல இன்னும் கொஞ்சம் வெளிய அடிச்சிகினு போயிடும்."

"அப்ப நடுவுல இருக்கிறதுக்கு?"

"பல நேரம் பட்டினிதான்."

அதை எழுதப் பேனாவை எடுத்தேன், கை எழவில்லை. நடுவில் இருப்பது உண்ணுமுன், வழியில் இருப்பது உண்பதா? தாளை மடித்து வைத்துவிட்டேன்.

மறுநாள் விடியலில் கோரிமேட்டில் எங்கள் பெருமாள் கோயிலுக்குச் சென்றோம். மடப்பள்ளியின் கூரையைப் பிரித்திருந்ததால் அந்த மாதம் கோயிலுக்கு எதிர்வீட்டில்தான் பெருமாளுக்குத் தளிகை. சமைப்பது என் மனைவி, சுமந்து வருவது நான். பானையின் வாயைத் துணியால் கட்டி, மணங்கூட எவரையும் எட்டாதபடி கொண்டுசெல்ல வேண்டும். பெருமாள் அமுது செய்யுமுன் ஒரு பருக்கை பிறருக்குப் போனாலும் அந்தப் பானை சந்நிதிக்கு ஆகாது.

பாதித் தெருவைக் கடந்திருப்பேன். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வரும் முதல் பேருந்திலிருந்து இறங்கிய ஒரு பெண் என்னை மறித்தாள். அவள் தோளில் சாய்ந்திருந்த கணவரின் உடல் வியர்த்து நடுங்கிற்று.

"ஐயா, சர்க்கரைக்கு ஊசி போட்டுகினு அப்படியே பஸ் ஏறிட்டாரு. ஒண்ணும் சாப்புடல. டீக்கடைகூட தெறக்கல. இனிப்பா எதுனா இருந்தா குடுங்கய்யா."

என் கையில் இருந்தது சர்க்கரைப் பொங்கல். சந்நிதி மணி ஒலித்தது. துணியின் முடிச்சை அவிழ்த்தேன்.

மூன்று கவளம் ஊட்டிய பின் அவர் நடுக்கம் மெல்ல அடங்கியது. கண் திறந்து என்னைப் பார்த்தார். பானை இனி சந்நிதிக்கு ஆகாது என்பதால், பேருந்திலிருந்து இறங்கிய மற்றவர்களுக்கும் பகிர்ந்தளித்தேன். வெறும் பானையோடு திரும்பி, நடந்ததைச் சொல்லித் தலைகுனிந்து நின்றேன்.

"பெருமாளுக்கு என்ன, சர்க்கரை வியாதியா? கொஞ்சம் காத்திருக்கட்டும்" என்றாள் என் மனைவி. "நீங்க போயி அதுவரைக்கும் பாசுரத்த இன்னொரு முறை பாடுங்க. ஏய் பாப்பா, அந்த அரிசியக் களைஞ்சி எடுத்தா!"

மகள் கிளற, இரண்டாவது பானை பொங்கிற்று. கோயில் பட்டர் முணுமுணுத்துக்கொண்டே அதைப் பெற்றுக்கொண்டார். வீடு திரும்பியதும் பழைய வாக்கியத்தை அடித்துவிட்டு, உவமை ஏதுமின்றி எழுதினேன்: 'புறப்பட்ட வாயு யாவும் நடுவைச் சேர்வதில்லை. அருகில் வந்ததும் பெரும்பகுதி விண்மீன்களாகி ஒளிர்கிறது. நடு காத்திருக்கிறது.'

ஞாயிறு மாலை அவள் அதைத்தான் படித்தாள். முன்வரிசையில் அமர்ந்திருந்த என் மனைவி அடக்கமாட்டாமல் உரக்கவே கேட்டுவிட்டாள்: "அப்ப உள்ள இருக்கிறவரு கதி?"

மன்றம் சிரித்தது. மகள் தாளைக் கீழே வைத்தாள். "காத்திருப்பாரும்மா. அந்த நட்சத்திரங்கள்ல சிலது வெடிக்கும். அந்த அதிர்ச்சியில கொஞ்சம் வாயு, சுத்துற வேகம் கொறஞ்சி உள்ள விழும். எவ்ளோ விழும், எப்ப விழும்னுதான் நான் இத்தன வருஷமா அளந்துகினு இருக்கேன்."

என் மனைவி ஒரு கணம் யோசித்தாள்.

"ரெண்டாவது பானை வருதான்னு பாத்துகினு இருக்க. அதானே?"

"ஆமாம்மா" என்றாள் மகள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தாளை எடுத்து அடுத்த வரியைப் படித்தாள்.