ஆபிதா கேட்டு வாங்கிய வீட்டு வேலை

தாராவியில் கரீம் பாட்சாவின் பட்டறையில் மணிபர்ஸுக்குத் தோல் ஒட்டுவதில் ஆபிதாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அவள் மனம் பட்டறையில் இருக்காது. வீட்டில் புருஷன் ஜெயினுலாப்தீன் மூச்சிளைப்பில் கிடந்தான். மத்தியானம் ஓடிப்போய்க் கஞ்சி கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடி வருவாள். மில் ஸ்டிரைக் நடந்த வருஷம் அது. வேறு வேலைக்கும் வழியில்லை.

முதலாளி ஊர்க்காரர். அண்ணன் முறை வைத்துக் கெஞ்சுவாள்.

"காக்கா, பாதி நாளாச்சும் வீட்டுல வச்சு ஒட்டித் தாரேன். அவுகளையும் பாத்துக்கிடுவேன்."

"வீட்டுக்குக் கொண்டுபோனா வேல ஆவாதும்மா. நீ ஒறங்கிருவே."

ஒருவழியாக, மத்தியானத்துக்கு மேல் வீட்டில் என்று சம்மதித்தார். உறங்கிவிடுவாய் என்றாரே, அந்த ரோஷம் அவளுக்கு. பட்டறையில் முழு நாளில் முடிவதை வீட்டில் அரை நாளில் முடித்துக் கொண்டுபோய்ப் போட்டாள்.

"பாத்தீயளா காக்கா? வீட்டுலதான் கை ஓடுது!"

அந்த மகராசன் நன்றாகவே பார்த்தார். அடுத்த மாதமே பட்டறையைப் பேக்கரிக்காரனுக்கு வாடகைக்கு விட்டார். எல்லாப் பெண்களையும் வீட்டிலேயே ஒட்டச் சொன்னார். "ஒங்க கஷ்டத்தப் பாக்கச் சகிக்கலம்மா" என்று வேறு சொன்னார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கரண்டும் சாயாவும் அவருக்கு மிச்சம். பக்கத்து வீட்டில் இருந்து பார்த்தவள் நான். அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

ஒட்டும் பசைக்குச் சொல்யூஷன் என்று பெயர். தலையைச் சுற்றவைக்கும் நெடி. பட்டறையில் அதை வெளியே தள்ளப் பெரிய ஃபேன் இருந்தது. ஆபிதா வீட்டில் ஜன்னலே கிடையாது. அரை நாள் வேலைக்கே ஜெயினுலாப்தீன் இருமினான். மழையால் என்று நினைத்தாள். முழு நாள் வேலையாகி, பசை டப்பாவைக் காலையிலேயே திறந்து, மழைக்குக் கதவையும் சாத்தியபோது அவனுக்கு மூச்சு முட்டியது. அந்த நெடியில் அவனைப் படுக்க வைக்கவே கூடாது என்று சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார்.

திரும்பப் போகப் பட்டறை இல்லை. வேலையை விட்டால் சோறு இல்லை. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் சீத்தா கேம்ப்பிலிருந்து அவன் அக்கா மதீனா பீவி வந்து அவனை அழைத்துப் போனாள்.

டாக்ஸியில் ஏறும்போது, "நீ வரலியா?" என்றான்.

"நான் எங்கன வர? நாளைக்குச் சரக்குக் கொடுக்கணும்லா."

மத்தியானம் பழக்கத்தில் கஞ்சி காய்ச்சி இறக்கினாள். இப்போது அவள் முழு நாளும் வீட்டில்தான். குடிக்கத்தான் ஆள் இல்லை.